ப்ளேஸ்மென்ட் செல், லிங்க்ட்இன், வாட்ஸ்அப்: பெங்களூர் கல்லூரிப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பவை

அல்சூர் பக்கம் ஒரு டிகிரி கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். மாணவர்களுக்கு வேலை கிடைக்க உதவும் ப்ளேஸ்மென்ட் செல்லும் ஏழு வருடமாக என் பொறுப்பு. மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம், சிவாஜிநகர் என்று தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய. கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து வருகிறவர்களும் உண்டு. அவர்களும், அவர்களுடைய அப்பா அம்மாவும், வேறு கல்லூரிகளில் புதிதாக இந்தப் பொறுப்புக்கு வந்த ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, லிங்க்ட்இன் எதற்கு?

லிங்க்ட்இன் என்பது வேலை, படிப்பு விவரங்களைப் போட்டு மற்றவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் இணையதளம். குரூப்பில் வருவது நான் போடுகிற சேதி. எனக்குத் தெரிந்த கம்பெனிகள் எவ்வளவோ, அவ்வளவுதான் அதில் வரும்.

"வேலை வேணும்னா தெரிஞ்சவங்க வேணும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நான் அதை மறுக்க மாட்டேன். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார். வேலை பற்றிய சேதி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்த்துப் பேசுகிற அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்றார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுச் சேதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2022-இல் லிங்க்ட்இன்னில் இருக்கும் 2 கோடி பேரின் ஐந்து வருடத் தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஓரளவு அறிமுகமானவர்கள் வழியாக வேலை மாறுவதுதான் அதிகம் என்று அதிலும் தெரிந்தது.

தங்கவயல் பிள்ளைகள் விஷயத்தில் இதை நான் கண்கூடாகப் பார்க்கிறேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடியபிறகு அந்த ஊரிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். மாரிக்குப்பத்தில் ஏறினால் பங்காருப்பேட்டை, கிருஷ்ணராஜபுரம் தாண்டி கன்டோன்மென்ட் வரும்வரை பெட்டி முழுக்க வேலைப் பேச்சுதான். எந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த காண்ட்ராக்டர் சம்பளத்தை ஒழுங்காகத் தருகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் டீமில் மூன்று இடம் காலி என்ற சேதி மட்டும் அந்தப் பெட்டிக்கு வந்து சேர்வதே இல்லை. அந்த டீமில் நம் கல்லூரியில் படித்த அக்கா ஒருத்தி இருந்தாலும், அவர் யார் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

லிங்க்ட்இன்னில் நம் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து, அதில் முன்னாள் மாணவர்கள் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார் என்று வரும். படித்த வருடத்தை வைத்தும் தேடலாம். முதல் தடவை இதைப் பார்க்கிற பிள்ளைகள் ஸ்கிரீனை மேலே தள்ளிக்கொண்டே போவார்கள். "இவங்க எல்லாரும் நம்ம காலேஜா மேம்?" என்று கேட்காத பேட்ச் கிடையாது.

எனக்கு அனுபவமே இல்லை. ப்ரொஃபைலில் என்ன எழுதுவது?

போன வருடம் இறுதியாண்டு பி.காம் மாணவி ஒருத்தியின் ப்ரொஃபைலைப் பார்த்தேன். பெயருக்குக் கீழே "கடின உழைப்பாளி, கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். படம் யாரோ கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி தெரிந்தது. அனுபவம் என்ற இடம் காலி.

"சாயங்காலம் என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். "மாமா கடையில பில் போடுவேன் மேம்." எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரிகல் சாமான் கடை. இரண்டு வருடமாகக் கொள்முதல், விற்பனை பில்களை டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்கிறாள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் ஆடிட்டருக்கு மாதாமாதம் கணக்கை எடுத்துக்கொடுப்பதும் அவள்தான். "அது வேலை இல்ல மேம், மாமா கடை" என்றாள்.

அதுதான் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து மாற்றினோம்: "பி.காம் இறுதியாண்டு. சில்லறை வணிகத்தில் இரண்டு வருடம் டாலி பதிவு, ஜிஎஸ்டி பில் சரிபார்ப்பு." படத்தை எங்கள் வராந்தாவில், ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரை ஒட்டி நிற்கவைத்து இன்னொரு மாணவியின் போனில் எடுத்தோம். பத்து நிமிட வேலை.

அப்பாவின் ஆட்டோ கணக்கு எழுதுவது, அம்மாவின் சீட்டுக் கணக்கைப் பார்ப்பது, கோவில் திருவிழாவுக்கு வசூல் நோட்டு எழுதுவது, டியூஷன் எடுப்பது என்று நம் பிள்ளைகள் செய்யாத வேலை இல்லை. எது, எவ்வளவு நாள், எந்தக் கருவியில் என்று தெளிவாக எழுதுங்கள். செய்யாததை எழுதாதீர்கள். இண்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

முன்பின் தெரியாத அக்கா அண்ணன்களுக்கு எப்படி மெசேஜ் அனுப்புவது? கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் இருக்கத்தான் செய்யும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பாட்டி சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் அனுப்புவது "ஹாய் சார், எனக்கு வேலை வேண்டும், ரெஃபர் பண்ணுங்க" என்பது. அதற்குப் பதில் வராது. அவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாதே, எதை நம்பித் தன் கம்பெனியில் உங்களைப் பரிந்துரைப்பார்? நான் எழுதவைப்பது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம் அக்கா. நீங்கள் படித்த அதே கல்லூரியில் பி.காம் இறுதியாண்டு படிக்கிறேன். நீங்கள் அக்கவுண்ட்ஸ் பேயபிள் டீமில் இருப்பதைப் பார்த்தேன். நான் ஒரு கடையில் இரண்டு வருடம் டாலியில் பில் போட்டிருக்கிறேன். உங்கள் டீமில் சேர டாலி தவிர வேறு எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

வேலை கேட்கவில்லை, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறது. "எக்செல்லில் பிவட் டேபிள் கத்துக்கோம்மா" என்று ஒரு வரி வந்தால், கற்றுக்கொண்டு ஒரு மாதம் கழித்து "கற்றுக்கொண்டேன் அக்கா" என்று எழுதுங்கள். ரெஃபரல் பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டாவது மெசேஜுக்கு அப்புறம்தான் வருகிறது. பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் பதில் போட்டாலே நல்லது. பதில் வராதவர்களை மறுபடி மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம்.

இலவசக் கணக்கில் அழைப்போடு சேர்த்துக் குறிப்பு எழுதுவதற்கு அளவு உண்டு. அதனால் நம் கல்லூரிக்காரர்கள், நீங்கள் சேர விரும்பும் துறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் அதைச் செலவு செய்யுங்கள்.

ரெஸ்யூமேயை மனிதர்கள் படிப்பதே இல்லை, கம்ப்யூட்டரே தள்ளிவிடுகிறது என்கிறார்களே?

பாதி உண்மை. பெரிய நிறுவனங்களுக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருள் வாங்கி, பெயர், படிப்பு, திறன் என்று பிரித்து வைக்கும். ஆள் எடுப்பவர் அதில் தேடும்போது உங்கள் ரெஸ்யூமே சரியாகப் பிரிபடவில்லை என்றால் தேடலில் வராது. பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த டிசைன், கட்டங்கள், நட்சத்திரக் குறியில் போட்ட மதிப்பெண், படமாக ஸ்கேன் செய்த பக்கம் எல்லாம் இங்கேதான் மாட்டுகின்றன.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ரெஸ்யூமேயின் பிடிஎஃப்-ஐத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல், எழுத்து உடையாமல் வந்தால் சரி. குழம்பி வந்தால் அந்த மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். சாதாரணமான ஒரே நெடுவரிசை, ஒரு பக்கம் போதும். கோப்புக்கு உங்கள் பெயரையும் படிப்பையும் வையுங்கள். "ரெஸ்யூமே ஃபைனல் 3" என்று வந்தால் எது யாருடையது என்று எனக்கே தெரிவதில்லை.

சாட்ஜிபிடியில் ரெஸ்யூமே எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் அதன் கையில் ஒப்படைத்துவிடாதீர்கள். 2022 நவம்பரில் அது வந்ததற்கு அப்புறம் எங்கள் மேசைக்கு வரும் முகப்புக் கடிதங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன. ஒரே டிரைவுக்கு, அதாவது ஒரு கம்பெனி நடத்தும் ஆள்சேர்ப்புக்கு, முப்பது பிள்ளைகள் ஒரே முதல் வரியோடு அனுப்பினால், ஆள் எடுப்பவர் யாரை நினைவில் வைப்பார்?

தமிழில் யோசிக்கிற பிள்ளைகளுக்கு அது வேறு விதத்தில் நல்ல துணை. மாமா கடையில் என்ன செய்தீர்கள் என்பதை போனில் தமிழிலேயே பேசிப் பதியுங்கள். அதை எழுத்தாக்கி, எளிய ஆங்கிலத்தில் தரச் சொல்லுங்கள். வந்ததை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கில் வராத சொல்லை, அர்த்தம் தெரியாத சொல்லை எடுத்துவிடுங்கள். இண்டர்வியூவுக்கு முன்னால் அதையே கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுவதும் நல்லது. ஆதார் எண், வங்கி விவரம், ஆஃபர் லெட்டர் எதையும் அதில் போடாதீர்கள்.

ஆன்லைன் டெஸ்ட்டை போனில் எழுதலாமா?

வேண்டாம். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், வேறு பக்கத்துக்குப் போனாலோ, ஒரு போன்கால் வந்தாலோ டெஸ்ட் நின்றுபோகலாம். எங்கள் கம்ப்யூட்டர் லேப்பை டெஸ்ட் நாளில் கேட்டு வாங்கித் தருவேன். பேயிங் கெஸ்ட் (பி.ஜி.) அறையில் நான்கு பேரோடு இருப்பவர்களும், ஒரே அறை வீட்டில் இருப்பவர்களும் வீடியோ இண்டர்வியூவுக்கும் கல்லூரிக்கே வாருங்கள். ப்ளேஸ்மென்ட் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டோர் ரூமைக் காலி செய்து மேசை, நாற்காலி, விளக்கு போட்டு வைத்திருக்கிறோம். அமைதியான ஓர் அறை இல்லாததால் ஒரு பிள்ளைக்கு வேலை போகக் கூடாது. இதை நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். மற்ற கல்லூரி ஆசிரியர்களும் கேட்டு வாங்குங்கள்.

டெலிகிராமில் மகனுக்கு வேலை வந்திருக்கிறது, லேப்டாப்புக்கு டெபாசிட் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். எங்கள் மாணவர் ஒருவரின் அப்பா, வெல்டிங் வேலை செய்பவர், ஒரு ஆஃபர் லெட்டரை நம்பி 12,000 ரூபாய் கட்டினார். லெட்டரில் லோகோ இருந்தது, சீல் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. அவர் அதை லேமினேட் செய்து எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். மின்னஞ்சல் முகவரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது கம்பெனி முகவரி இல்லை, யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச முகவரி. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலை தருகிற கம்பெனி உங்களிடம் பணம் கேட்காது. பதிவுக் கட்டணம், டிரெயினிங் டெபாசிட், லேப்டாப் பாதுகாப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். லெட்டரில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று ஆரம்பிக்கிறவர்கள் முதலில் நூறு இருநூறு தருவார்கள். அப்புறம்தான் உங்கள் பணத்தைக் கேட்பார்கள்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்கார நேரம் இல்லை. உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இணையக் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, போன பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். மெசேஜ்களை அழிக்காதீர்கள், அவைதான் ஆதாரம்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கஸ்டமர் சப்போர்ட் என்று வருவதில் இன்னும் கவனம் வேண்டும். அப்படிப் போன இந்தியப் பிள்ளைகளை மியான்மர், கம்போடியாவில் அடைத்துவைத்து இணைய மோசடி வேலை செய்யவைத்தார்கள். வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கையே வெளியிட்டது. வெளிநாட்டு ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். மகனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லாமலே கட்டிவிடுவான்.

கல்லூரி கூகுள் ஃபார்மில் ஆதார் நம்பர் கேட்கிறது. கொடுக்கலாமா?

எதற்கு என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரம் கேட்பவர் எந்த நோக்கத்துக்குக் கேட்கிறார் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. டிரைவுக்குப் பெயர் கொடுக்க ஆதார் எண்ணே தேவையில்லை. அடையாளம் காட்டியே ஆக வேண்டும் என்றால் முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். மார்க் ஷீட்டுக்கு டிஜிலாக்கரைப் பயன்படுத்துங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: ஐந்நூறு பிள்ளைகளின் போன் நம்பரும் மதிப்பெண்ணும் உள்ள ஷீட்டை "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த லிங்க் ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்குப் போகும். போலி ஆஃபர் லெட்டர் அடிக்கிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

வேலை கிடைத்த பிள்ளைகளின் போட்டோவைச் சம்பளத்தோடு இன்ஸ்டாகிராமில் போடலாமா?

பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், சம்பளத்தைப் போடாதீர்கள். நாங்களும் முன்பு போட்டோம். ஒரு மாணவியின் படம் வந்த அன்றே, பழைய கடனைத் திருப்பிக் கேட்டு அவள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார். இன்னொரு பக்கம், இன்னும் வேலை கிடைக்காத நாற்பது பேர் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நாங்கள் போடுவது வேறு: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பிள்ளை, தன் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் பேசுகிற வீடியோ. எலக்ட்ரானிக் சிட்டிக்கு எந்த மெட்ரோ, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, முதல் மாதம் என்ன கஷ்டம் என்று. ஜூனியர்கள் அதைச் சேமித்து வைத்துப் பார்க்கிறார்கள்.

கன்னடம் சுமாராகத்தான் வரும், தமிழ்தான் நன்றாக வரும். அதை எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம், கொஞ்சம் இந்தி என்று பேசுகிற பிள்ளையை வங்கி, வாடிக்கையாளர் சேவை, காப்பீடு எல்லாவற்றிலும் தேடுகிறார்கள். எழுத வருமா, பேச மட்டும் வருமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கன்னடம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்; இந்த ஊரில் வாழப்போகிறவர்களுக்கு அது வேண்டும்.

அரசுத் தளங்கள் ஏதாவது உண்டா?

உண்டு. தொழிலாளர் அமைச்சகத்தின் தேசிய வேலைவாய்ப்பு சேவைத் தளம் 2015-லிருந்து இருக்கிறது, இலவசம். பட்டதாரிகளுக்கான அப்ரண்டிஸ் பயிற்சிக்கு நாட்ஸ் (தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதியுங்கள். அதில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தான் அப்ரண்டிஸ் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பி.காம், பி.ஏ. படித்தவர்களும் சேரலாம்.

ப்ளேஸ்மென்ட் பொறுப்பு புதிதாக வந்திருக்கிறது. எந்த மென்பொருள் வாங்கலாம்?

முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டிரைவுக்குப் பதிய மறுநாள் காலை பத்து மணி கடைசி நேரம். முந்தைய நாள் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதன்மேல் பிறந்தநாள் வாழ்த்து, ஸ்டிக்கர், தொலைந்துபோன ஐடி கார்டு என்று அறுபது மெசேஜ் ஏறிவிட்டது. தகுதியுள்ள இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் பதிந்தார்கள். பதியாத ஒரு பையன் மறுநாள் வந்து, "ரயில்ல நெட் வரல மேம்" என்றான். அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து அறிவிப்புக்கு ஒரு குரூப், அதில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். பேச்சுக்கு வேறு குரூப். ஒரு ஷீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: என்ன வேலை விரும்புகிறான், எதற்கெல்லாம் பதிந்தான், எங்கே தடைபட்டான். கடைசி நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அந்த ஷீட்டைப் பார்த்து, பதியாதவர்களுக்கு நானும் இரண்டு மாணவத் தன்னார்வலர்களும் போன் போடுவோம். சாதாரண போன்கால். நெட் இல்லாத இடத்திலும் அது அடிக்கும். இத்தனை செயலிகளுக்கு நடுவே எனக்கு மிக அதிகமாக வேலைக்கு ஆகிறது அந்தப் போன்கால்தான்.

பெரிய கல்லூரி, ஆயிரம் இரண்டாயிரம் மாணவர்கள் என்றால் மென்பொருள் தேவைப்படும். அப்போதும் வாங்குமுன், அது போனில் சரியாகத் திறக்கிறதா என்று ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் பாருங்கள். நம் பிள்ளைகள் கையில் இருப்பது அதுதான்.

டிகிரி முடித்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் வேலை இல்லை. இப்போது கல்லூரிக்கு வரலாமா?

வாருங்கள். குரூப்பிலிருந்து நாங்கள் யாரையும் எடுப்பதில்லை, நீங்களாக வெளியேறியிருந்தால் மறுபடி சேர்த்துவிடுகிறேன். கல்லூரிக்கு வெளியே நடக்கும் ஆஃப் கேம்பஸ் வாய்ப்புகளை உங்கள் பேட்சுக்குத் தனியாகப் போடுகிறோம். சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒன்று வரை லேப் திறந்திருக்கும். மார்க் ஷீட்டும் இருக்கிற ரெஸ்யூமேயும் எடுத்து வாருங்கள், ரெஸ்யூமே இல்லாவிட்டால் சும்மா வாருங்கள், இங்கேயே எழுதிக்கொள்ளலாம். பழைய ஐடி கார்டு வேண்டாம். கேட்டில் இருக்கும் அண்ணனிடம் ப்ளேஸ்மென்ட் ரூமுக்கு என்று சொன்னால் உள்ளே விடுவார்.